செக்கடியிலும் சோராத மனம்

காட்டுப்பள்ளிக் கடலோரத்தில் கப்பல்கள் வந்து நிற்கின்றன. மலை மலையாகச் சரக்குப் பெட்டிகள் இறங்குகின்றன, ஏறுகின்றன. இரவு ஷிப்டு முடிந்து வெளியே வரும் தொழிலாளியின் கண்ணிலே உறக்கம், காலிலே கனம். சங்கத்துக்காக எழுதத் தொடங்கிய மனு பாதியில் கிடக்கிறது. படிக்க எடுத்த புத்தகம் மடித்த பக்கத்திலேயே மூன்று மாதமாய் உறங்குகிறது. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்கிறது மனம். நாளையும் வருகிறது, வேலைதான் நடப்பதில்லை. ஏன்? உற்சாகம் வரட்டும், பிறகு உட்காரலாம் என்று காத்திருக்கிறோம்!

கப்பலைக் காணும்போதெல்லாம் நம் நினைவுக்கு வரவேண்டிய மனிதர் ஒருவர் உண்டு. உற்சாகத்துக்காக அவர் காத்திருந்தால் ஒரு வரிகூட எழுதியிருக்க மாட்டார். அவர்தான் வ.உ.சிதம்பரனார்.

1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர். வக்கீல் தொழில் கைகொடுத்தது. வீடு, வசதி, மதிப்பு எல்லாம் இருந்தன. அதோடு அவர் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. தூத்துக்குடிக் கடலில் வெள்ளையர் கம்பெனி வைத்ததே சட்டமாக இருந்த நாளில், 1906ஆம் ஆண்டு சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தோற்றுவித்தார். ஊர் ஊராகப் பங்கு சேர்த்தார். ‘காலியா’, ‘லாவோ’ என்ற இரு கப்பல்களை வாங்கிக் கொழும்புக் கடலில் ஓடவிட்டார்.

கப்பல் ஓட்டிய கதை எல்லோருக்கும் தெரியும். ஆலை வாசலில் நின்ற கதை பலருக்குத் தெரியாது. 1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கேட்டது என்ன? கூடுதல் கூலி, வாரம் ஒரு நாள் ஓய்வு. அவர்களுக்குத் துணையாக நின்றார் சிதம்பரனார். வேலைநிறுத்தக்காரரின் வயிறு காயாமல் இருக்க ஊராரிடம் உதவி திரட்டினார். மார்ச் முதல் வாரத்தில் நிர்வாகம் இறங்கி வந்தது.

இதை ஏன் முதலில் சொல்கிறேன்? நம் மனத் தளர்வைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் தொழிலாளியைச் சோம்பேறி என்று ஏசிவிட்டுப் போய்விடுகிறார்கள். சிதம்பரனார் அப்படிச் சொன்னவரல்லர். உழைத்துக் களைத்த உடலுக்கு ஓய்வு வேண்டும், அது உரிமை என்று போராடியவர். களைப்பு வேறு, சோர்வு வேறு. களைப்பு உடலைப் பற்றியது. உறங்கினால் தீரும், உறங்க நேரமில்லையென்றால் போராடிப் பெறவேண்டும். சோர்வு மனத்தைப் பிடிப்பது. இனி என்ன செய்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம்தான் அதன் வேர்.

அந்த எண்ணம் வருவதற்கு அவரைவிட அதிகக் காரணம் யாருக்கு இருந்தது? ஆலையில் வெற்றி கண்ட சில நாட்களிலேயே, 1908 மார்ச் 12 அன்று கைதானார். ஜூலையில் இரட்டை ஆயுள் தண்டனை! செய்தி கேட்ட தம்பி சித்தம் கலங்கினார். மேல் முறையீட்டில் தண்டனை குறைந்தது, கொடுமை குறையவில்லை. கோவைச் சிறையில் சணல் வேலை செய்து உள்ளங்கைத் தோல் உரிந்தது. பிறகு செக்கு! மாடு சுற்றவேண்டிய இடத்தில் மனிதர் சுற்றினார், அதுவும் கோவை வெயிலில்!

அந்தக் கை மாலையில் என்ன செய்திருக்க வேண்டும்? தலைக்கு அணையாகக் கிடந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கை எழுதுகோல் எடுத்தது. ஆங்கிலேய அறிஞர் ஜேம்ஸ் ஆலன் எழுதிய நூலை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கியது. 1910 டிசம்பரில் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றினார்கள். அங்கே உடனிருந்த கைதிகளுக்கு அறநூல் பாடம் சொன்னார். அந்தப் பாடமே வளர்ந்து நூலாயிற்று. ‘மெய்யறம்’ பிறந்த கதை இது. தனக்காக எழுதுவது என்றால் ஒரு நாள் தள்ளிப்போடலாம். நாலு பேர் பாடத்துக்குக் காத்திருந்தால் எப்படித் தள்ளிப்போடுவது? அவர் கண்ட வழிகளில் இதுவும் ஒன்று.

1912 டிசம்பர் 24இல் விடுதலை. ஊர் திரண்டதா? வாசலில் நின்றவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். கப்பல் கம்பெனி அதற்கு முன்பே கலைந்துபோயிற்று. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னைக்கு வந்து கடை வைத்துப் பார்த்தார். வறுமை விடவில்லை. அப்போதும் சிறையில் பழகிய பழக்கம் கைவிடவில்லை. 1917இல் திருக்குறள் அறத்துப்பாலுக்கு மணக்குடவர் எழுதிய உரையைப் பதிப்பித்தார். சென்னையிலும் கோவையிலும் தொழிற்சங்க வேலைக்கும் நேரம் கொடுத்தார். பின்னர் சன்னதைத் திரும்பப் பெற உதவிய வெள்ளை நீதிபதி வாலஸின் பெயரைத் தன் மகனுக்கே வைத்தார். ஆட்சியைப் பகைத்தாரே தவிர மனிதரைப் பகைக்கவில்லை.

1936 நவம்பர் 18இல் தூத்துக்குடியில் கண்மூடினார். செல்வம் சேர்த்து வைக்கவில்லை. ஓட்டிய கப்பலும் மிஞ்சவில்லை. ஆனால் செக்கிழுத்த கையால் எழுதிய நூல்கள் மிஞ்சின. இன்று தூத்துக்குடித் துறைமுகமே அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

தோழர்களே! நம் கையில் செக்கு இல்லை; காலில் விலங்கு இல்லை. அதற்காக நம் களைப்பு பொய்யாகிவிடாது. ஓய்வு வேண்டும் என்றால் கேளுங்கள், சேர்ந்து கேளுங்கள். சிதம்பரனார் காட்டிய வழி அது. ஆனால் மனம் சரியாகட்டும் என்று மட்டும் காத்திராதீர்கள். மனம் சரியாகி வேலை நடப்பதைவிட, வேலை தொடங்கி மனம் சரியாவதே அதிகம்.

மனு முழுவதையும் இன்றே எழுதவேண்டாம்; நாலு வரி போதும். புத்தகம் முழுவதும் வேண்டாம். மடித்த பக்கத்தை மட்டும் இன்று திருப்புங்கள். முடிந்தால் பக்கத்தில் ஒரு தோழரை உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். நாளை அவர் உங்களைத் தேடி வருவார். அப்போது சோர்வு வந்து நின்றாலும் அதற்கு உட்கார இடமிருக்காது!