மஞ்சக்காட்டுவலசு தந்த இசைச்செல்வர்

ஈரோடு மாவட்டத்தில் மொடக்குறிச்சியை அடுத்துள்ள சிற்றூர் மஞ்சக்காட்டுவலசு. வலசு என முடியும் ஊர்கள் கொங்கு நாட்டில் பலவுண்டு. அவற்றுள் தமிழிசை வரலாற்றில் இடம்பெற்ற பெருமை இவ்வூருக்கு உரியது. 26.9.1908 அன்று இங்குப் பிறந்தவர் ம.ப. பெரியசாமித் தூரன். தூரன் என்பது அவர்தம் குலப்பெயர். அதனையே தம் பெயரோடு சேர்த்து வழங்கினார். இன்று அப்பெயரே அவரைக் குறிக்கப் போதுமானதாகிவிட்டது.

கல்வியும் நாட்டுப்பற்றும்

ஈரோட்டில் பள்ளிக் கல்வி முடித்துச் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் பயின்றார். மாணவப் பருவத்திலேயே நண்பர்களோடு சேர்ந்து 'பித்தன்' என்னும் இதழை நடத்தினார். 1931 மார்ச்சில் பகத்சிங் தூக்கிலிடப்பட்டபோது உள்ளம் கொதித்துப் பட்டத்தின் இறுதித் தேர்வையே எழுதாது விடுத்தார். உழவர் குடும்பத்து இளைஞர் ஒருவருக்கு அந்நாளில் பட்டம் என்பது எத்துணைப் பெரிய வாழ்வாதாரம் என்பதை எண்ணினால், அம்முடிவின் கனம் விளங்கும்.

அதே மாணவப் பருவத்தில்தான் சுதேசமித்திரனின் பழைய இதழ்களைப் புரட்டிப் பாரதியாரின் எழுத்துகளைத் தம் கையாலேயே படியெடுத்தார். அவ்வுழைப்பு 1953இல் 'பாரதி தமிழ்' என்னும் நூலாகப் பயன் தந்தது. பாரதியின் எழுத்தைக் கால வரிசையில் காணும் ஆய்வு நெறிக்கு அது வழிகாட்டியது.

ஆசிரியரும் தொகுப்பாளரும்

கோபிசெட்டிபாளையத்தில் ஆசிரியப் பணியைத் தொடங்கிய தூரன், 1934 முதல் 1948 வரை கோவையை அடுத்த பெரியநாயக்கன்பாளையம் இராமகிருஷ்ண வித்யாலயத்தில் பணியாற்றினார். வித்யாலயத்தை நிறுவிய தி.சு. அவினாசிலிங்கம் அவர்களே தமிழ் வளர்ச்சிக் கழகத்தையும் தோற்றுவித்துக் கலைக்களஞ்சியப் பணியைத் தூரனிடம் ஒப்படைத்தார். 1954இல் முதல் தொகுதி வெளிவந்தது. 1968இல் பத்தாம் தொகுதியோடு பணி நிறைவெய்தியது. அத்துடன் ஓயாது, 1976க்குள் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தையும் பத்துத் தொகுதிகளாக முடித்தார். பல துறை அறிஞர்களிடம் கட்டுரை பெற்று, கலைச்சொல் கண்டு, நடையை ஒருமைப்படுத்தி, அகரவரிசையில் அடுக்கும் பணி அது. தம் பெயரை மறைத்துக்கொண்டு செய்ய வேண்டிய பணி. 1968இல் பத்மபூஷண் விருது அவரைத் தேடி வந்தது.

பாட்டும் பண்ணும்

'இளந்தமிழா', 'மின்னல் பூ', 'நிலாப் பிஞ்சு' முதலியன அவர்தம் கவிதை நூல்கள். கொங்கு நாட்டுப்புறப் பாடல்களைச் சுவையோடு விளக்கிய நூல் 'காற்றில் வந்த கவிதை'. அக்காற்றே அவர் கீர்த்தனைகளிலும் வீசுகின்றது எனலாம்.

1940களில் தமிழிசை இயக்கம் எழுந்தபோது, மேடையில் பாடத்தக்க தமிழ்க் கீர்த்தனைகள் போதிய அளவில் உளவோ என்னும் ஐயம் எழுப்பப்பட்டது. வாதத்தால் அன்றிப் பாட்டால் விடை தந்தவர்களுள் தூரனும் ஒருவர். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் கட்டமைப்பிற்குள், பேச்சுக்கு நெருங்கிய எளிய சொற்களை வைத்தார். சொல் சிதையாமல் தாளத்தில் அமைவது அவர் பாடல்களின் சிறப்பு. கணிதம் பயின்றவரின் கணக்கும் கவிஞரின் செவியும் ஒருங்கே கூடிய இடம் அது. பழனி முருகனைப் பாடும் 'கலியுக வரதன்' பிருந்தாவன சாரங்காவில் இன்றும் மேடைதோறும் ஒலிக்கின்றது. 1972இல் சென்னைத் தமிழ் இசைச் சங்கம் இசைப்பேரறிஞர் பட்டம் வழங்கியது. 20.1.1987 அன்று அவர் மறைந்தார்.

நாம் செய்யத்தக்கது

என் வகுப்பில் அப்பாடலை இனிமையாகப் பாடிய மாணவியிடம், இயற்றியவர் யாரென்று ஒருமுறை வினவினேன். அவருக்குத் தெரியவில்லை. பாடலாசிரியன் பெயர் மறைந்து பாட்டு மட்டும் நிற்பது நாட்டுப்புறப் பாடலுக்கு இயல்பு. நம் காலத்தில் வாழ்ந்த ஒருவருக்கு அது நம் குறையே.

பிறந்த மண்ணில் நினைவுச்சின்னம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆயினும் கல்லால் எழும் மண்டபம் பாட்டில்லாதபோது வெறுங்கூடமே. ஆண்டுதோறும் செப்டம்பர் 26இல் நம் வட்டத்தினர் மஞ்சக்காட்டுவலசில் கூடி, அவர் கீர்த்தனைகளைப் பாடுவித்து, ஒவ்வொன்றின் முன்னும் இயற்றியவர் பெயரைச் சொல்லச் செய்யலாம். பத்தாண்டு கண்ட நம் வட்டம் பதினோராம் ஆண்டை இப்பணியோடு தொடங்குமாயின், அதுவே அவருக்கு நாம் எழுப்பும் முதற்கல்லாகும்.