யாழை மீட்டுத் தந்த அறிவியல் பட்டதாரி

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (இயற்பியல்)

பழைய இசைக்கருவிகளைத் தேடிச் சேர்ப்பதைப் பேரின்பமாகக் கொண்டவர்கள் உலகில் பலர். தேடுவோர்க்கு எங்கோ ஒரு மூலையில் கருவி அகப்பட்டுவிடும். ஒன்றுகூட மிஞ்சாத கருவியை எங்கே போய்த் தேடுவது? எகிப்தின் வறண்ட கல்லறைகள் பழைய யாழ்களைக் காத்து வைத்திருந்தன. பர்மாவில் வில்யாழை ஒத்த சவுங் இன்றும் ஒலிக்கிறது. தமிழ்நாட்டிலோ மரமும் தோலும் நரம்பும் மக்கிப்போக, யாழ் என்னும் பெயர் மட்டுமே ஏட்டில் நின்றது. அந்தப் பெயரைப் பற்றிக்கொண்டு கருவியைத் தேடியவர் விபுலானந்த அடிகளார்.

ஈழத்தின் கிழக்குக் கரையில் உள்ள காரைதீவில் 1892-இல் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் மயில்வாகனன். 1916-இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் தேர்வில் வென்றார். 1920-இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் பி.எஸ்சி. பட்டம் பெற்றார். 1924-இல் இராமகிருஷ்ண மடத்தில் துறவு பூண்டார். 1931-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியரானார்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். இயற்பியல் எடுத்த உனக்கு இனித் தமிழ் எதற்கு என்று கேட்ட உறவினர் உண்டு. பாட்டும் பண்ணும் அறிவியல் மாணவனுக்கு ஆகாது என்ற நண்பரும் உண்டு. அவர்களுக்கெல்லாம் அடிகளாரின் யாழ் ஆராய்ச்சியே விடை என்பேன்.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையையும் அதன் பழைய உரையையும் அவர் எடுத்துக்கொண்டார். பேரியாழுக்கு 21 நரம்பு, மகரயாழுக்கு 19, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என்று உரை கூறுகிறது. கணக்கு இருந்தது, உருவம் இல்லை. வீணையில் மெட்டுகள் உண்டு. ஒரே தந்தியில் பல சுரங்கள் பிறக்கும். யாழிலோ ஒரு சுரத்திற்கு ஒரு நரம்பு. ஆகவே ஒவ்வொரு நரம்பின் நீளத்தையும் கணக்கிட்டே ஆகவேண்டும்.

இங்கேதான் பி.எஸ்சி. படிப்பு கைகொடுத்தது. நம் ஆய்வுக்கூடத்துச் சுரமானி காட்டும் விதிதான் அது. இழுவிசை மாறாதிருக்க, நரம்பின் நீளம் பாதியானால் அதிர்வெண் இரட்டிக்கும். நீளம் மூன்றில் இரண்டு பங்கானால் அதிர்வெண் ஒன்றரை மடங்காகும். குரல் முதலாக எண்ணினால் ஐந்தாவதாக வரும் இளி அப்படிப் பிறப்பதே. பண்டிதர் உரையைப் படித்தார், பட்டதாரி அளந்தார், இருவரும் ஒருவரே!

பத்தாண்டுகளுக்கும் மேலான உழைப்பு 'யாழ் நூல்' ஆயிற்று. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதை வெளியிட்டது. 1947 ஜூனில் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அரங்கேற்றம் நடந்தது. அவர் கணக்கின்படி செய்த யாழை வீணைக் கலைஞர் க. பொ. சிவானந்தம் பிள்ளை வாசிக்க, பல நூற்றாண்டு மௌனம் கலைந்தது. ஆறு வாரங்கள் கழித்து, ஜூலை 19 அன்று, அடிகளார் மறைந்தார். நூல் முடியும்வரை உயிரைப் பிடித்து வைத்திருந்தாரோ என்று எண்ணத் தோன்றுகிறது.

ஆடித்தபசு நாதசுரம் கேட்டு வளர்ந்த சங்கரன்கோவில் பிள்ளைகள் நாம். நம் ஊர்களிலும் வில்லுப்பாட்டின் குடமும் கணியான் கூத்தின் மகுடமும் இருக்கின்றன. அவை பெயராக மட்டும் எஞ்சும் நாள் வருமுன், அளவுகோலும் குறிப்பேடும் எடுத்துக்கொண்டு போவோமா, தோழர்களே?