சேக் தீன் முகமது: கடல் கடந்து கடை விரித்தவர்

இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்ட முதல் நூல் கல்கத்தாவிலோ சென்னையிலோ இலண்டனிலோ அச்சேறவில்லை. அயர்லாந்தின் தென்கரைத் துறைமுகமாகிய கார்க் நகரில், 1794ஆம் ஆண்டு, இரண்டு தொகுதிகளாக அது வெளிவந்தது. கற்பனை நண்பர் ஒருவருக்கு எழுதிய 38 கடிதங்களாக அமைந்த பயணநூல் அது. நூலாசிரியர் பாட்னாவில் பிறந்த தீன் முகமது. இலக்கிய வரலாறு அவரை இந்த ஒரு நூலுக்காக நினைவிற்கொள்கிறது. ஆனால் அவர் நூலெழுதி வாழ்ந்தவர் அல்லர். அயல்மண்ணில் கடை வைத்து, கடையை இழந்து, முதுமை தொடங்கும் வயதில் மீண்டும் கடை வைத்து வாழ்ந்தவர். அவருடைய எழுத்தைக்கூட அந்தக் கடைகளிலிருந்து பிரித்துப் பார்க்க இயலாது.

1759இல் பிறந்த அவருடைய தந்தை கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் சுபேதாராக இருந்தார். 1769இல் வரித்தண்டல் தொடர்பான மோதலொன்றில் தந்தை இறந்தார். பத்து வயதை எட்டியிருந்த சிறுவன், தாயின் மனத்துயரையும் பொருட்படுத்தாமல், கார்க் நகரத்தினரான காட்ஃபிரே பேக்கர் என்னும் இளம் அதிகாரியைத் தொடர்ந்து பாசறைக்குப் போய்விட்டான். பின்பு படையிலேயே படிப்படியாக உயர்ந்து சுபேதாராகவும் ஆனார். 1782இல் பேக்கர் குற்றச்சாட்டுக்கு ஆளாகிப் பணி விலகியபோது அவரும் விலகினார். 1784 தொடக்கத்தில் கல்கத்தாவில் கப்பலேறிய இருவரும் அவ்வாண்டு செப்டம்பரில் இங்கிலாந்தின் டார்ட்மவுத் துறைமுகத்தை அடைந்து, அங்கிருந்து கார்க் சென்றனர்.

கார்க்கில் அவர் ஆங்கிலம் பயின்றார். 1786இல் ஜேன் டேலி என்னும் ஐரிஷ் நங்கையோடு ஊரைவிட்டுச் சென்று மணம் புரிந்துகொண்டார். ஆங்கிலிக்கத் திருச்சபையிலும் சேர்ந்தார். புரவலராகிய பேக்கரும் அவ்வாண்டே காலமானார். ஆதரித்தவர் இல்லாத ஊரில், குடும்பத்தைத் தாங்க வேண்டிய நிலையில், எட்டாண்டுகள் கழித்து அவர் துணிந்து மேற்கொண்ட முயற்சியே அந்த நூல். கையொப்பம் சேர்த்து நூல் வெளியிடும் முறை தமிழறிஞர்களுக்குப் புதிதன்று. சீவக சிந்தாமணிப் பதிப்புக்காக உ.வே.சாமிநாதையர் கையொப்பத்துக்கு அலைந்ததை நாம் அறிவோம். தீன் முகமதும் அவ்வாறே 320 பேரின் கையொப்பத்தைப் பெற்றார். அவர்களில் பிரபுக்களும் குருமார்களும் படை அதிகாரிகளும் இருந்தனர். முதலில்லாதவர் பிறருடைய நம்பிக்கையை முதலாக்கிச் செய்த வாணிகம் இது எனலாம். விற்ற சரக்கோ தம் சொந்த நினைவுகள். சில இடங்களில் ஐரோப்பியப் பயணிகளின் நூல்களிலிருந்து பகுதிகளை எடுத்துச் சேர்த்துக்கொண்டார் என்பதையும் மறைப்பதற்கில்லை. அக்கால வழக்கத்தில் அது பெருங்குற்றமாகக் கொள்ளப்படவுமில்லை. 1799இல் கார்க் துறையில் இறங்கிய லக்னோ அறிஞர் மிர்சா அபூ தாலிப் அவரைச் சந்தித்தார். தனி வீடும் மக்கட்பேறும் உடையவராக, தம்மைப் பற்றி நூல் எழுதியவராக அவரைத் தம் பாரசீகப் பயணக் குறிப்பில் பதிவும் செய்துள்ளார்.

1807ஆம் ஆண்டளவில் குடும்பம் இலண்டனுக்குப் பெயர்ந்தது. அங்கே அவருக்கு வேலை கொடுத்த பாசில் காக்ரேன் சென்னையில் பணியாற்றி, கடற்படைக்கு உணவுப்பொருள் வழங்கும் ஒப்பந்தத்தில் பெருஞ்செல்வம் ஈட்டித் திரும்பியவர். சோழமண்டலக் கரையில் திரண்ட அந்தச் செல்வம் இலண்டனின் போர்ட்மன் சதுக்கத்தில் ஒரு மாளிகையாயிற்று. மாளிகைக்குள் நோயாளிகளுக்கான நீராவிக் குளியல் கூடமும் எழுந்தது. அந்த நீராவியோடு உடம்பு பிடித்துவிடும் நம் நாட்டு முறையைத் தீன் முகமது சேர்த்ததாகத் தெரிகிறது. ஆயினும் பெயர் வந்ததெல்லாம் முதலாளிக்கே. கூலிக்குத் தொழில் செய்பவனின் கைத்திறன் எவர் கணக்கில் வரவு வைக்கப்படும் என்பதை அவர் அந்த வீட்டில்தான் கற்றிருக்க வேண்டும்.

1810இல் அதே சுற்றுவட்டாரத்தில், ஜார்ஜ் தெருவில், இந்துஸ்தானி காப்பி இல்லத்தை அவர் தொடங்கினார். இந்தியர் ஒருவர் இங்கிலாந்தில் நடத்திய முதல் இந்திய உணவகம் அதுவே. பெயர்தான் காப்பி இல்லம். வந்தோர் சுவைக்க வேண்டியவை இந்தியக் கறிவகைகள். மூங்கில் இருக்கைகள், சுவரெங்கும் இந்தியக் காட்சி ஓவியங்கள், தனி அறையில் ஹுக்கா. 1811 மார்ச்சில் இலண்டன் நாளிதழில் விளம்பரமும் கொடுத்தார். இந்தியாவில் வாழ்ந்து திரும்பிய கனவான்களையே அது வாடிக்கையாளர்களாக அழைத்தது.

பொருள் நல்லது, இடமும் திட்டமிட்டே தெரிவு செய்யப்பட்டது. கம்பெனிப் பணியில் செல்வம் சேர்த்து ஓய்வு பெற்றோர் பலர் போர்ட்மன் சதுக்கத்தைச் சுற்றியே குடியிருந்தனர். ஆயினும் கணக்குப் பிழைத்தது. அத்தகையோர் வீடுகளில் இந்தியச் சமையற்காரர்களும் பணியாளர்களும் இருந்தனர். கறியும் ஹுக்காவும் வேண்டுமாயின் வீட்டுப் படியைத் தாண்ட வேண்டியதில்லை. கீழ்த்திசை வணிகர்கள் கூடிப் பேசுவதற்கோ நகரின் வணிகப் பகுதியில் ஜெரூசலம் காப்பி இல்லம் முன்பே இருந்தது. கறி என்பதும் இலண்டனுக்குப் புதுமையன்று. ஹேமார்க்கெட் பகுதியில் 1773 முதலே ஒரு காப்பி இல்லத்தில் அது கிடைத்தது. ஏற்கெனவே சுவையறிந்தவர்களை நம்பிக் கடை வைத்தவர், அறியாதவர்களை உள்ளே அழைக்கும் வழியைக் காணவில்லை. அவரிடம் அதுவரை தாங்கி நிற்கும் முதலும் இல்லை. 1812இல் நொடிப்பு மனுக் கொடுக்க நேர்ந்தது. கடை மூடப்படவில்லை, அதே பெயரில் வேறு கைகளில் பல ஆண்டுகள் நடந்தது. கடை பிழைத்தது, கடைக்காரர் பிழைக்கவில்லை. நொடிப்புகளுள் இத்தகையது இன்னும் கசப்பானது.

மறுவருடம், 54 வயதில், அவர் செய்தித்தாளில் மீண்டும் ஒரு விளம்பரம் கொடுத்தார். இம்முறை வேலை கேட்டு: கனவான் வீட்டில் பணியாளராகவோ மேற்பார்வையாளராகவோ அமரத் தயார் என்று. நூலாசிரியர், முன்னாள் சுபேதார், உணவக உரிமையாளர் என்ற அடையாளங்கள் அங்கு உதவவில்லை. அவருடைய வாழ்க்கையில் பொருள் பொதிந்த ஆவணம் ஒன்றைச் சுட்டுமாறு கேட்டால், இரு தொகுதிப் பயணநூலைவிட இந்தச் சில வரி விளம்பரத்தையே சுட்டத் தோன்றுகிறது.

1814 அளவில் பிரைட்டன் என்னும் கடற்கரை ஊருக்குக் குடிபெயர்ந்தார். இளவரசரின் வரவால் அவ்வூர் செல்வர்களின் பொழுதுபோக்கிடமாகியிருந்தது. கடல்நீராடினால் நோய் தீரும் என்று மூட்டுவலிக்காரர்களும் திரண்டனர். 1815 முதல் ஜான் நாஷ் என்னும் கட்டடக் கலைஞர் இளவரசரின் மாளிகைக்கு இந்தியக் குவிமாடங்களைச் சூட்டத் தொடங்கினார். இலண்டனில் விலைபோகாத இந்தியா இங்கே நாகரிகமாகியிருந்தது. அரைநூற்றாண்டு உழைப்பில் தம்மிடம் எஞ்சியது கைத்திறன் ஒன்றே என்பதை உணர்ந்தவராய், அதையே கடைச்சரக்காக்கினார். 1821இல் கடலை நோக்கிய முகமது குளியலகம் திறக்கப்பட்டது.

நம் வீடுகளில் நொச்சி இலையிட்டு வேது பிடிப்பதை அறிந்தவர்களுக்கு அந்தச் சிகிச்சை எளிதில் விளங்கும். மூலிகை மணமேறிய நீராவியில் நோயாளி நன்கு வியர்க்கும்வரை இருத்தப்படுவார். அதன்பின் அவரைச் சுற்றிக் கம்பளித் துணியாலான கூடாரம் ஒன்று அமையும். கூடாரத்தின் பக்கங்களில் சட்டைக்கைபோல் தைத்த துளைகள். அவற்றினூடே கைகளை நுழைத்து, வெளியில் நின்றபடியே உடலைப் பிடித்துவிடுவார்கள். பெண்கள் பகுதியை மேற்பார்த்தவர் ஜேன். பிடி, அழுத்து என்று பொருள்படும் சாம்போ என்னும் இந்துஸ்தானிச் சொல்லிலிருந்து அவர் தொழிலுக்கு ஷாம்பூயிங் என்ற பெயர் வழங்கியது. தலைக்குத் தேய்க்கும் நுரைநீருக்கு அப்பெயர் ஏறியது பிற்காலத்தில். தொடக்கத்தில் ஏளனம் மிகுந்திருந்ததாக அவரே எழுதினார். குணமடைந்தோர் விட்டுச்சென்ற ஊன்றுகோல்களைக் குளியலகத்தில் வரிசையாகத் தொங்கவிட்டார்; ஏளனத்துக்கு அதைவிட நேரான மறுமொழி வேறில்லை. நான்காம் ஜார்ஜ் மன்னரும் அவருக்குப் பின் நான்காம் வில்லியமும் அவரைத் தம் ஷாம்பூயிங் மருத்துவராக அமர்த்திக்கொண்டனர்.

1822இல் அவருடைய மருத்துவ நூல் வந்தது. குணமடைந்தோர் வரலாறுகளும் சான்றுரைகளும் நிறைந்த அந்நூலில் ஆசிரியரின் வாழ்க்கையும் உண்டு. ஆனால் அது பழைய வாழ்க்கை அன்று. பிறந்த ஆண்டு 1749 என்று மாறிவிட்டது. கல்கத்தாவில் மருத்துவம் கற்றவராகவும் அவர் காட்சி தருகிறார். முதல் நூலில் பத்து வயதுச் சிறுவன் பேக்கரின் பின்னே ஓடிய ஆண்டுகளை இந்நூல் மருத்துவக் கல்விக்கு ஒதுக்கிக்கொண்டது. பொய் என்று சொல்லி நகர்வது எளிது. பட்டமும் பரிந்துரையும் குலப்பெருமையும் கேட்ட சமூகத்தில், கைத்திறனை மட்டும் காட்டி நின்ற அயலானுக்குக் கதவு திறந்திருக்குமா என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும். ஆயினும் எழுதுவோரை உறுத்தும் செய்தி ஒன்று இதில் இருக்கிறது: கார்க்கில் தம் பெயரில் அச்சிட்ட உண்மையை அவரே தம் பெயரில் அச்சிட்ட மற்றொரு நூலால் அழிக்க வேண்டியதாயிற்று. முன்னதைவிடப் பின்னது நன்கு விற்பனையானது. 1826இலும் 1838இலும் மறுபதிப்புகள் கண்டது.

விக்டோரியா அரசிக்குப் பிரைட்டன் பிடிக்கவில்லை. அரசவை விலகியதும் அவ்வூரின் பொலிவு மங்கிற்று. குளியலகக் கட்டடமோ உண்மையில் தீன் முகமதுக்குச் சொந்தமானதன்று; முதல் போட்ட பங்காளியுடையது. பங்காளி மறைந்தபின் 1840களின் தொடக்கத்தில் அது ஏலத்துக்கு வந்தபோது, தம் பெயரையே தாங்கிநின்ற கட்டடத்தை மீட்க அவரிடம் பணம் இல்லை. சிறிய வீடொன்றில் தொழிலைத் தொடர்ந்தார். பிள்ளைகளில் சிலர் குளியலகமும் உடற்பயிற்சிக் கூடமும் நடத்தினர். பேரர் பிரடரிக் அக்பர் முகமது இலண்டன் கைஸ் மருத்துவமனையில் முறையாகக் கற்றுத் தேர்ந்த மருத்துவராகி, உயர் இரத்த அழுத்தம் பற்றிய முன்னோடி ஆய்வுகளைச் செய்தார். தாத்தா சொல்லிக்கொண்ட பட்டத்தைப் பேரர் உண்மையிலேயே பெற்றுவிட்டார்.

1850 டிசம்பரில் ஜேன் காலமானார். இரண்டு மாதங்களில், 1851 பிப்ரவரி 24ஆம் நாள், அவரும் மறைந்தார். 2005இல் ஜார்ஜ் தெருவில் காப்பி இல்லம் இருந்த இடத்தில் நினைவுப் பலகை பதிக்கப்பட்டது. பிரைட்டனில் புனித நிக்கலஸ் தேவாலயத்தில் இருவருக்கும் ஒரே கல்லறை. 91 வயதில் இறந்தவருக்கு அக்கல்லில் வெட்டப்பட்டுள்ள வயது 101.