ரசிகர்களுக்குக் கதவு திறந்த ஜோ ஸ்ட்ரம்மர்

பங்க் றொக் என்றால் கிழிந்த சட்டையும் இரைச்சலும்தான் என்று நினைத்திருந்தேன். ‘த கிளாஷ்’ இசைக்குழுவின் பழைய ரசிகர்களுடைய நினைவுகளை வாசித்தபோதுதான் ஜோ ஸ்ட்ரம்மரை அறிந்தேன். தங்க இடமின்றி வந்த ரசிகர்களை இக்குழுவினர் தங்கள் ஹோட்டல் அறைகளிலேயே படுக்க வைத்தார்களாம்.

1952இல் அங்காராவில், பிரித்தானிய வெளியுறவுத்துறை ஊழியரின் மகனாகப் பிறந்தவர் ஸ்ட்ரம்மர். 1976இல் லண்டனில் உருவான கிளாஷ், 1978இல் விக்டோரியா பூங்காவில் இனவாதத்திற்கு எதிராகப் பாடியது. 1980இல் மூன்று இசைத்தட்டுகள் கொண்ட தொகுப்பை மலிவாக விற்பதற்காக, தமக்குரிய வருமானத்தில் ஒரு பகுதியை விட்டுக்கொடுத்தது.

1983இல் குழுவிலிருந்து நீக்கப்பட்ட மிக் ஜோன்ஸ், 2002 நவம்பரில் ஸ்ட்ரம்மரின் மேடையில் மீண்டும் ஏறினார். அது வேலைநிறுத்தம் செய்த தீயணைப்பு வீரர்களுக்கான நிதி சேகரிப்பு நிகழ்ச்சி. ஐந்து வாரங்களில், 50ஆவது வயதில், ஸ்ட்ரம்மர் கண்டறியப்படாத பிறவி இதயக் குறைபாட்டால் காலமானார். பிரிந்த நண்பர்கள் மேடையில் இணைய அந்த ஓரிரவாவது கிடைத்ததே!