பொருளியல் மேதை ஜே.சி. குமரப்பா

சங்கரன்கோவிலிலிருந்து இராசபாளையம், திருவில்லிபுத்தூர் வழியே மதுரை செல்லும் சாலையில் டி. கல்லுப்பட்டி என்னும் ஊர் உள்ளது. நம்முள் பலர் அவ்வூரைப் பேருந்தில் எத்தனையோ முறை கடந்திருப்போம். உலகம் இன்று சுற்றுச்சூழல் குறித்துப் பேசுவதை அரை நூற்றாண்டுக்கும் முன்னரே சிந்தித்த பேரறிஞர் ஒருவர், தம் இறுதி ஆண்டுகளை அவ்வூரின் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கழித்தார் என்பதை அறிந்தோர் சிலரே. அவர்தாம் ஜே.சி. குமரப்பா.

1892-ஆம் ஆண்டு சனவரி 4-ஆம் நாள் தஞ்சையில் ஒரு கிறித்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார். இலண்டனில் கணக்காய்வுக் கல்வி முடித்துப் பம்பாயில் தொழில் நடத்தினார். பின்னர் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளியல் பயின்றார். அங்கு இந்திய அரசின் வரவு செலவை ஆராய்ந்தபோது, நம் நாட்டின் வறுமைக்கு ஆட்சியின் நிதிக்கொள்கையே காரணம் எனத் தெளிந்தார். கற்ற கல்வி அவரது வாழ்வின் திசையையே மாற்றியது. 1929-இல் காந்தியடிகளைச் சந்தித்த அவர், மேலைநாட்டு உடையையும் வருவாய் மிக்க தொழிலையும் துறந்து கதர் உடுத்தார்.

குசராத் வித்யாபீடத்தில் ஆசிரியராகச் சேர்ந்ததும், கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தின் பொருளாதார நிலையை மாணவர் துணையுடன் ஆராய்ந்தார். மாணவர்கள் ஊர் ஊராகச் சென்று உழவரின் வருவாயையும் கடனையும் கேட்டறிந்தனர். வகுப்பறையின் சுவர்களைத் தாண்டிய கல்வி அது. 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழிற் சங்கத்தின் செயலாளராக வார்தாவில் அவர் ஆற்றிய பணியும் அத்தகையதே. எண்ணெய்ச் செக்கு, தேனீ வளர்ப்பு, கைக்காகிதம் ஆகிய தொழில்களை அறிவியல் முறையில் செம்மைப்படுத்திக் கற்பித்தனர். மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்னும் விளக்கும் அங்கு உருவாயிற்று. 1937-இல் டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த ஆதாரக் கல்விக் குழுவில் குமரப்பாவும் ஓர் உறுப்பினர். கைத்தொழில் வழியே அறிவை வளர்ப்பது அக்குழு வகுத்த நெறியாகும்.

விடுதலைப் போரில் சிறை சென்றபோது அவர் எழுதிய நிலைத்த பொருளாதாரம் பற்றிய நூல் 1945-இல் வெளிவந்தது. நிலக்கரி, பெட்ரோலியம் போன்றவை எடுக்க எடுக்கக் குறைபவை. ஓடும் நீர், வளரும் மரம் போன்றவை முறையாகப் பேணினால் மீண்டும் பெருகுபவை. முன்னவற்றைச் சார்ந்த வாழ்வு போட்டிக்கும் போருக்கும் வழிகோலும் என்றும், பின்னவற்றைச் சார்ந்த வாழ்வே நிலைக்கும் என்றும் அவர் வாதிட்டார். தேனெடுக்கும் தேனீ மகரந்தச் சேர்க்கைக்கு உதவுவது போல, மனிதனும் பெறுவதற்கு ஈடாகத் தருதல் வேண்டும் என்பது அவர் கொள்கை.

நாடு அவர் வழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. 1956-இல் தொடங்கிய இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் பெருந்தொழில்களையே முன்னிறுத்தியது. ஆயினும் அவர் தளர்ந்தாரல்லர். தம் கருத்துகளைத் தொடர்ந்து எழுதியும் பேசியும் வந்தார். 1960-ஆம் ஆண்டு சனவரி 30-ஆம் நாள், காந்தியடிகளின் நினைவு நாளன்றே, மதுரையில் மறைந்தார்.

மானாவாரி நிலமும் குளத்துப் பாசனமும் தறித்தொழிலும் சார்ந்த பகுதி நம்முடையது. மழை பொய்த்தால் உழவர் வீட்டுப் பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் தடுமாறுவதை ஆசிரியராகிய நாம் கண்டு வருகிறோம். குளத்தைத் தூர்க்கவிட்டுப் பட்டத்தை மட்டும் பெற்றால் அக்கல்வி யாருக்குப் பயன்படும்? பட்டம் பெறும் மாணவச் செல்வங்கள் தத்தம் ஊர்க் குளத்தின் பரப்பையும், அது நிரம்பிய ஆண்டுகளையும், அதனால் விளையும் நிலத்தையும் பெரியோர்களிடம் கேட்டு ஒரு குறிப்பேட்டில் எழுதட்டும். மாத்தர் வட்டத்தில் குமரப்பாவின் மாணவர்கள் தொடங்கியதும் இவ்வாறு கேட்டு எழுதியதில்தான்.