மலைவழியில் ஒரு கம்மாலை

நாளை நிகழ்வதை இன்றே அறிந்துவிட வேண்டும் என்னும் அவா மக்கட்குலம் முழுவதற்கும் பொதுவானது. மழை பெய்யுமா, விளைவு பெருகுமா, தேர்வில் முதல்வராவார் யாவர் என்றெல்லாம் கணித்துப் பார்க்கும் மனம் விளையாட்டுக் களத்தையும் விட்டு வைப்பதில்லை. அத்தகைய கணிப்புக்குப் பெரிதும் இடந்தரும் களங்களுள் ஒன்று, துவிச்சக்கர வண்டிப் பந்தயத்தின் மலைக்கட்டம். 1903ஆம் ஆண்டு தொடங்கிய தூர் த பிரான்ஸ் என்னும் போட்டி, உலகப் போர்கள் தடுத்த ஆண்டுகள் நீங்கலாக, கோடைதோறும் பிரான்சு தேசத்தைச் சுற்றி நடைபெற்று வருவது. பல நாட்களாகப் பகுக்கப்பட்ட அப்பந்தயத்தில் மலையேறும் நாள் வந்ததும், இன்று வெல்பவர் இன்னார் என்று கூறாத பத்திரிகையும் இல்லை; வாதாடாத தேநீர்க் கடையும் இல்லை.

அக்கணிப்பு முற்றும் வெறும் ஊகம் அன்று. சமதரையில் விரைந்து செல்லும்போது வீரனை எதிர்ப்பது காற்று. ஒருவன் பின்னே ஒருவன் ஒதுங்கிச் சென்றால் பின்செல்வோனுக்கு உழைப்பு வெகுவாக மிஞ்சும். ஆகவே ஆற்றலிற் குறைந்தவனும் கூட்டத்தோடு கூட்டமாய் வந்து சேர்ந்துவிடுவான். செங்குத்தான ஏற்றத்திலோ வேகம் குறைதலால் காற்றின் தடை சிறுத்துப்போக, உடலின் பாரமே பெரும்பகையாகி எதிர்நிற்கும். ஆங்கு ஒதுங்க நிழலில்லை. உடல் நிறைக்கு ஏற்ற வலிமை உடையவன் முன்செல்வான், இல்லாதவன் பின்தங்குவான். மிதிகட்டையில் செலுத்தப்படும் ஆற்றலைக் கருவிகொண்டு அளந்து, இன்ன மலையை இன்னவர் இத்தனை நிமிடத்தில் ஏறுவர் என்று இந்நாளில் கூறுகின்றனர். அது பெரும்பாலும் பொய்ப்பதில்லை.

ஆயினும் மலைக்கு ஏற்றம் மட்டுமன்று, இறக்கமும் உண்டு. அவ்விறக்கத்திலே கணிப்பெல்லாம் தகர, தகர்ந்த இடத்திலே தம் பெருமையை நிலைநாட்டிய ஒருவரின் வரலாற்றைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம். அவர் பெயர் யூஜீன் கிறிஸ்தோப்.

கிறிஸ்தோப் 1885ஆம் ஆண்டு சனவரி 22ஆம் நாள், பாரிஸ் மாநகரின் தென்புறத்தை அடுத்த மலகோப் என்னும் ஊரிலே பிறந்தார். இளமையிற் பூட்டுத் தொழில் பயின்றார். இரும்பைக் காய்ச்சுதல், அரத்தால் அராவுதல், பொருத்துதல் என்பனவே அவர் கற்ற முதற் கல்வி. அக்கல்வி பின்னொருநாள் உலகறிய வெளிப்படும் என்பதை அக்காலத்தில் யாரும் நினைத்திருக்க முடியாது. 1904ஆம் ஆண்டு தொடக்கம் பந்தயமே தொழிலாகக் கொண்டார். 1906ஆம் ஆண்டு தூர் த பிரான்ஸ் போட்டியில் முதன்முறை கலந்து ஒன்பதாம் இடம் பெற்றார்.

அவர் எத்தகைய உறுதி படைத்தவர் என்பதை 1910ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் இத்தாலியில் நடைபெற்ற மிலான் – சான் ரேமோ பந்தயம் காட்டிற்று. ஏறக்குறைய 290 கிலோமீற்றர் தூரம். துர்க்கினோ என்னும் கணவாயிலே உறைபனி கொட்டிப் பாதையை மூடிற்று. வீரர் பலர் வண்டியைக் கைவிட்டு ஒதுங்கினர். குளிரால் விறைத்து வழியிலே சோர்ந்த கிறிஸ்தோப் ஒரு சத்திரத்திற் புகுந்து உடலைச் சூடேற்றிக்கொண்டார். சற்றே உயிர் தளிர்த்ததும் மீண்டும் பனியில் இறங்கினார். பன்னிரண்டு மணிநேரத்துக்கு மேல் உழைத்து முதல்வராய் வந்தார். இரண்டாமவர் வந்துசேர ஒரு மணிநேரத்துக்கு மேலாயிற்று. அவ்வெற்றியின் விலை, ஒரு மாத மருத்துவமனை வாசமும், நெடுநாள் நீங்காத உடல் நலிவும்.

1912ஆம் ஆண்டு தூர் த பிரான்ஸ் போட்டியில் அடுத்தடுத்து மூன்று கட்டங்களை வென்றார். அவற்றுள் மூன்றாவது, ஷமொனியிலிருந்து கிரெனோபிள் வரையான 366 கிலோமீற்றர் மலைவழி. அதிலே 315 கிலோமீற்றரைத் தன்னந்தனியராய் முன்னோடி முடித்தார். அந்த ஆண்டு வெற்றி, நேரத்தால் அன்றிப் புள்ளிகளால் தீர்மானிக்கப்பட்டமையால், பெல்ஜியம் நாட்டவராகிய ஓதில் தெபிரே முதலிடம் பெற, கிறிஸ்தோப் இரண்டாம் இடத்தில் நின்றார். மறு ஆண்டு புள்ளிமுறை நீக்கப்பட்டு நேரமுறை மீண்டது. இனி இவர் ஆண்டே என்று அவரை அறிந்தோர் எண்ணியதில் வியப்பில்லை.

1913ஆம் ஆண்டு யூலை 9ஆம் நாள். ஆறாம் கட்டம், பயோனிலிருந்து லூஷோன் வரை 326 கிலோமீற்றர். பிரெனே மலைத்தொடரின் கணவாய்கள் பல இடைக்கிடந்தன. விடியற்காலம் மூன்று மணிக்கே வீரர் புறப்பட்டனர். அந்நாள் வண்டிகளில் ஓடும்போதே பற்சக்கரம் மாற்றும் பொறி கிடையாது. மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றி மறுபுறம் திருப்பிப் பூட்டியே ஏறுதல் வேண்டும். தெபிரே முன்னணியில், ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் கிறிஸ்தோப் அடுத்து நின்றார். மலை வந்தால் தெபிரே தளர்வார், கிறிஸ்தோப் தலைமை கொள்வார் என்பது அன்றைய கணிப்பு.

கணிப்பு அப்படியே பலித்தது. தெபிரே தளர்ந்தார், பின்தங்கினார், போட்டியை விட்டே விலகினார். 2,115 மீற்றர் உயர்ந்த தூர்மலே கணவாயின் உச்சியைக் கிறிஸ்தோப், பெல்ஜிய வீரர் பிலிப் தீசுக்கு அடுத்தபடியாக அடைந்தபோது, மொத்த நேரத்தில் அவரே முதல்வர் என்னும் நிலை உண்டாயிற்று. ஏற்றம் தன் தீர்ப்பைக் கூறிவிட்டது. இனி இறக்கம்.

இறங்கும் வழியிலே கைபிடி தன்வசம் நில்லாது தளர்வதை உணர்ந்தார். நின்று நோக்கினார். முன்சக்கரத்தை இருமருங்கும் பற்றி நிற்கும் கவர்த்தண்டு முறிந்திருந்தது. வேறு வண்டி பெறுதல் விதிக்கு மாறு. பிறர் உதவி பெறுதலும் விதிக்கு மாறு. யாது பழுது நேரினும் வீரன் தன் கையாலேயே திருத்திக்கொள்ளல் வேண்டும் என்பது, போட்டியை நிறுவி நடத்திய ஆன்றி தெகிராஞ்ச் என்பார் வகுத்த கடுஞ்சட்டம். பின்னே விட்டுவந்தவரெல்லாம் ஒருவர் பின் ஒருவராகக் கடந்து போயினர். வண்டியைத் தோளிற் சுமந்தார். சக்கரத்தைக் கையிற் பிடித்தார். மலைப்பாதை வழியே நடந்தார். பத்துக் கிலோமீற்றருக்குக் குறையாத தூரம் அங்ஙனம் நடந்து, சென்ற் மரி த கம்பான் என்னும் சிற்றூரை அடைந்தார். ஊர்ச் சிறுமி ஒருத்தி கம்மாலைக்கு வழிகாட்டினாள்.

கம்மாலையுள் நிகழ்ந்தது ஒரு நாடகக் காட்சியை ஒத்தது. உலையும் உருக்கும் தந்த கொல்லர், வேலை தெரிந்திருந்தும் கைகட்டி நின்றார். சொல்லால் வழிகூறலாம், கையாலே தொடலாகாது. போட்டி அதிகாரிகள் வாயிலில் நின்று, விதி வழுவுகின்றதா என்று கண்கொட்டாது நோக்கினர். நேரம் நீளப் பசியெடுத்த அவர்கள் உணவுக்குச் செல்ல முற்பட்டபோது, தம்மைக் கைதிபோல் நிறுத்திவைத்தோர் தாமும் நின்றே ஆகவேண்டும் என்னும் கருத்துப்படக் கிறிஸ்தோப் கடிந்து தடுத்தாராம். பூட்டுத் தொழிலில் இளமையிற் பழகிய கைகள் அன்று தம் பழைய கல்வியை மறக்கவில்லை. இரும்பைக் காய்ச்சினார், அடித்தார், அராவினார், பொருத்தினார். ஒரு கை காய்ந்த இரும்பைப் பற்ற, மறுகை சம்மட்டியைப் பற்றத் துருத்தி ஊதுதற்கு மூன்றாவது கை ஏது? அங்கு நின்ற சிறுவன் ஒருவன் துருத்தியை ஊதினான். அதுவும் பிறருதவியே என்று கண்ட அதிகாரிகள் அவர் நேரத்தோடு தண்டநேரமும் கூட்டினர்.

மூன்று மணிநேரம் கம்மாலையிற் கழிந்தது. கவர்த்தண்டு பொருந்தியதும், உண்பதற்கு ரொட்டியைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு மீண்டும் ஏறினார். அஸ்பான், பெய்ரசூர்த் என இன்னும் இரண்டு கணவாய்கள் எஞ்சியிருந்தன. முதல்வராய் வந்த தீசுக்கு ஏறக்குறைய மூன்று மணி ஐம்பது நிமிடம் பின்னே லூஷோனை அடைந்தார். வெற்றி கைநழுவிற்று என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் விலகவில்லை. அந்த ஆண்டு புறப்பட்டோர் 140 பேர். பாரிஸ் மீண்டோர் 25 பேரே. அவர்களுள் ஏழாமவராய் நின்றார் கிறிஸ்தோப். முதற்பரிசு தீசுக்கு உரியதாயிற்று. விந்தை யாதெனில், இறுதி நாட்களில் தீசின் கவர்த்தண்டும் முறிந்தது. பிறர் உதவி பெற்றுத் திருத்தியமைக்காக அவரும் தண்டம் பெற்றார். ஆயினும் வென்றார். ஒரே பழுது ஒருவருக்கு நிமிடக் கணக்காகவும் மற்றவருக்கு மணிக் கணக்காகவும் அமைந்தது. சமநிலத்திற் பழுதுபார்க்கும் கடை அருகிலிருக்கும், மலையிறக்கத்தில் இராது என்பதே வேறுபாடு.

பின்னர் முதலாம் உலகப் போர் மூண்டது. 1915 முதல் 1918 வரை போட்டி நடைபெறவில்லை. முன்னாள் வெற்றியாளராகிய பெற்றி பிரெத்தோன், பாபேர், லப்பீஸ் என்னும் மூவரும் போரில் மாண்டனர். 1919ஆம் ஆண்டு, குழிவிழுந்த வீதிகளில் போட்டி மீண்டும் தொடங்கியபோது, 34 வயதினரான கிறிஸ்தோப் முன்னணியில் நின்றார். முதல்வரை மக்கள் எளிதில் இனங்காணும்பொருட்டு அவருக்கெனத் தனிநிறச் சட்டை அளிக்கத் தெகிராஞ்ச் கருதினார். அவர் நடத்திய லோட்டோ என்னும் பத்திரிகை மஞ்சட்டாளில் அச்சாயது. யூலை 19ஆம் நாள் கிரெனோபிள் நகரிலே முதல் மஞ்சட் சட்டையை அணிந்தவர் கிறிஸ்தோப். இன்று உலகமே வியந்து நோக்கும் அச்சட்டையை அன்று கண்டோர் கனேரிக் குருவி என்று நகைத்தனராம்.

பாரிஸ் சேர இரண்டு கட்டங்களே இருந்தன. அடுத்தவரான பெல்ஜிய வீரர் பிர்மின் லம்போ அரைமணியளவு பின்தங்கியிருந்தார். ஆண்டு முழுவதும் கைவராத வெற்றி இப்போது வந்துவிட்டது என்று யாரும் கணித்திருப்பர். மெட்ஸ் – டங்கேர்க் இடையிலான 468 கிலோமீற்றர்க் கட்டத்திலே, வலென்சியேன் நகரை அடுத்த கல்பாவிய வீதியில், கவர்த்தண்டு மீண்டும் முறிந்தது. அருகிருந்த வண்டித் தொழிற்சாலை ஒன்றிற் புகுந்து தம் கையாலே திருத்தினார். ஒரு மணிநேரத்துக்கு மேல் கழிந்தது. மஞ்சட் சட்டை லம்போவுக்குப் போயிற்று. கிறிஸ்தோப்புக்கு மூன்றாம் இடம். பொதுமக்கள் நெஞ்சு பொறுக்கவில்லை. செல்வரும் தொழிலாளரும் தத்தம் வசதிக்கு ஏற்ப அனுப்பிய பணம் 13,000 பிராங்குக்கு மேலாயிற்று. அது முதற்பரிசினும் பெருந்தொகை. பரிசு ஒருவருக்கும், மக்களின் பரிவு மற்றொருவருக்கும் சென்றன.

மூன்றாம் முறையும் உண்டு. 1920, 1921ஆம் ஆண்டுகளில் போர்தோ – பாரிஸ் நெடும்பந்தயத்தை வென்ற அவர், 1922இல் தம் 37ஆம் வயதில் மீண்டும் மஞ்சட் சட்டை அணிந்தார். அச்சட்டையை அவ்வயதில் அணிந்தார் வேறெவரும் இலர். அந்த ஆண்டு கலிபியே மலையிறக்கத்திலே கவர்த்தண்டு முறிந்தது. எட்டாம் இடத்தோடு மீண்டார். 1925இல், நாற்பது வயதிலே, இறுதியாகப் போட்டியில் ஓடி முடித்தார். தூர் த பிரான்ஸ் வெற்றி அவருக்கு ஒருபோதும் கிட்டவில்லை. ஓய்ந்த பின் அவர் பெயர், வீரரின் பாதத்தை மிதிகட்டையோடு பிணிக்கும் வார்களில் நெடுங்காலம் வழங்கிற்று. 1970ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் நாள் பாரிசில் உலகு நீத்தார்.

மூன்று முறிவுகளுள் இரண்டு மலையிறக்கத்தில் நேர்ந்தன என்பது சிந்திக்கத்தக்கது. ஏற்றம் உடலின் களம்; ஆங்கு அளவை செல்லும். இறக்கமோ இரும்பின் களம், கல்லின் களம், கணப்பொழுதின் களம். ஆங்கு அளவை செல்லாது. 1913இல் அவரைக் கணித்தோர் அவர் வலிமையைச் சரியாகவே அளந்தனர். அவர்கள் அளவாதன இரண்டு. ஒன்று, இரும்பினுள் மறைந்திருந்த குறை. மற்றொன்று, பூட்டுத் தொழிலாளியாய் அவர் கற்ற கைத்தொழில். கெடுத்ததும் கணக்கில் இல்லாதது; காத்ததும் கணக்கில் இல்லாதது.

வள்ளுவப் பெருந்தகை ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பனவோ என்று மாணவர் வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு விடை தேடுவோர் சென்ற் மரி த கம்பான் கம்மாலையை ஒருகால் நினைத்துப் பார்க்கலாம். தண்டு முறிந்தது ஊழ் ஆகலாம். அதைச் சுமந்து நடந்ததும், உலையிலிட்டு அடித்ததும், தோல்வி உறுதி என்று அறிந்தபின்னும் எஞ்சிய இரு மலைகளை ஏறியதும் ஆள்வினை. அந்த ஆண்டு வென்றவரின் பெயரை ஏடுகள் பொறித்து வைத்துள்ளன. அச்சிற்றூரிலோ, தோற்றவருக்கே நினைவுக்கல் நாட்டப்பட்டிருக்கின்றது.