கர்னல் பெட்டோம் சரிதம்

வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் வாழ்வோர்க்குத் தோல் பதனிடும் சாலைகளைப்பற்றி எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அத்தொழில் இப்பக்கங்களில் தழைக்கத் தொடங்கிய காலத்தில் அதற்குப் பெருந்துணையாயிருந்தது ஆவாரம் பட்டையாகும். வெட்ட வெட்ட அடியினின்று தளிர்ப்பதும், தரிசு நிலமெங்கும் பொன்னிறப் பூவுடன் நிற்பதும் ஆவாரையின் இயல்பு. ஆதலின் கணக்கற்ற தோல்களுக்குத் தன் பட்டையை ஈந்தும் அஃது அருகிற்றில்லை. நமக்கு வடக்கே திருப்பதி மலையில் வேறொரு செடியுண்டு. அதன் பட்டையை எந்தத் தோல் வியாபாரியும் நாடினாரில்லை. மரமாக அறுத்து விற்கவும் அஃது உதவாது. எனினும் அதுவே இன்று அழியும் நிலையில் இருக்கின்றது. அச்செடி தாவர நூலில் எவர் பெயரைத் தாங்கி நிற்கின்றதோ, அந்தக் கர்னல் ரிச்சர்ட் ஹென்றி பெட்டோம் என்பாரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாய்க் கூறுவாம்.

இவர் 1830-ஆம் ஆண்டு மே மாதம் 11-ஆம் தேதி இங்கிலாந்தில் பிறந்தார். தந்தையார் வழக்கறிஞர். மகனையும் அத்தொழிலிலேயே புகுத்தக் கருதினர். இளைஞருக்கோ அதில் மனம் செல்லவில்லை. பதினெட்டாம் பிராயத்தில் கிழக்கிந்தியக் கும்பினியாரின் சேனையில் சேர்ந்து இந்தியாவுக்கு வந்து, சென்னைக் காலாட்படை ஒன்றில் மொழிபெயர்ப்பாளர் உத்தியோகமும் வகித்தார். பாளையத்தில் கிடைத்த ஓய்வு நேரத்தையெல்லாம் செடி கொடிகளையும் ஊர்வனவற்றையும் தேடுவதிலேயே கழித்தார் என்ப.

1856-இல் சென்னை ராஜதானியில் வனப் பாதுகாப்புக்கெனத் தனி இலாகா ஏற்பட்டது. டாக்டர் கிளெகார்ன் அதன் முதல் தலைவர். அவ்வாண்டிலேயே இராயபுரத்திலிருந்து வாலாஜா வரையில் புகைவண்டியும் ஓடத் தொடங்கிற்று. வண்டிகள் விறகெரித்து ஓடிய காலம் அது. காட்டைக் காக்க ஓர் இலாகா, காட்டை விழுங்க ஒரு வண்டி, இரண்டும் ஒரே ஆண்டில் பிறந்தன. மறு ஆண்டில் பெட்டோம் கிளெகார்னுக்கு உதவியாளராக அமர்ந்து, சில ஆண்டுகளில் அவர்க்குப்பின் தலைமையும் எய்தி, 1882 வரையில் அப்பதவியை வகித்தார். அந்த 1882-இலேயே சென்னை வனச் சட்டமும் பிறந்தது. தலைமுறை தலைமுறையாக மலையில் ஆடு மேய்த்தும் சுள்ளி பொறுக்கியும் வந்த அடிவாரக் குடிகள், காட்டைக் காத்தல் என்னும் பெயரால் சர்க்கார் விதித்த தடைகளால் பட்ட இடுக்கண் சிறிதன்று. இதனை மறைத்துவிட்டு அவ்விலாகாவின் தலைவர்களைப் புகழ்வது நேர்மையாகாது.

சர்க்காருக்கு வேண்டியவை தேக்கும் சந்தனமும் விறகுமே. பெட்டோம் துரையோ விலைபோகாத பொருள்களையும் விட்டாரில்லை. பெரணிகளை ஆராய்ந்து 1863 முதல் படங்களுடன் நூல் வெளியிட்டார். மண்ணுக்குள் வாழும் பாம்பு வகைகள் பலவற்றுக்கு முதன் முதல் இலக்கணம் எழுதியவர் அவரே. 1870-இல், அந்நாளில் வட ஆற்காட்டு ஜில்லாவைச் சேர்ந்திருந்த திருப்பதி மலையின் பாறைகளில் பொன்னிறப் பல்லி ஒன்றைக் கண்டு உலகுக்கு அறிவித்தார். தென்னிந்திய மரங்களைப்பற்றி 1869 முதல் 1873 வரையில் அவர் வெளியிட்ட பெருநூல் 300-க்கு மேற்பட்ட படங்களை உடையது. குதிரைப் பாதையும் இல்லாத மலைகளில், காய்ச்சலுக்கிடையே இவற்றைச் செய்தார் என்பதை நினைக்க வேண்டும்.

அவர் வேலையினின்று விலகித் தாய்நாடு சென்ற மறு ஆண்டாகிய 1883-இல், கியூ தாவரத் தோட்டத்தைச் சேர்ந்த திஸல்ட்டன் டையர் என்னும் அறிஞர், கடப்பை, திருப்பதி மலைத்தொடரில் வளரும் செடியொன்று புதிய இனமெனத் துணிந்து, அதற்குச் சைக்கஸ் பெட்டோமி என்று பெயரிட்டார். பெட்டோம் துரை 1911-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் தேதி காலமானார். அவ்வாண்டு ஏப்ரல் முதல் தேதியில் சித்தூர் ஜில்லா தனியே பிரிக்கப்பட, திருப்பதி மலையும் வட ஆற்காட்டை விட்டு நீங்கிற்று.

இனி அச்செடியைப்பற்றிச் சிறிது கூறுவாம். தோற்றத்தில் அது சிறியதோர் ஈச்சையை ஒக்கும். பெரும்பாலும் ஆளுயரத்திற்குக் குறைந்தது. ஆனால் ஈச்சைக்கும் அதற்கும் உறவில்லை. பூவும் கனியும் உலகில் தோன்றுமுன்னரே தோன்றிய பழங்குலத்தைச் சேர்ந்தது அது. செஞ்சந்தன மரங்கள் வளரும் வறண்ட பாறைச் சரிவுகளே அதன் இருப்பிடம். கோடையில் மலையில் தீப்பற்றினால் இலையெல்லாம் கருகும். தடித்த பட்டையாகிய கவசம் தண்டைக் காக்க, முதிர்ந்த செடி மறுபடியும் புத்திலை விடும். இளங்கன்றுகளுக்கு அக்கவசம் இல்லை.

ஆணும் பெண்ணும் வெவ்வேறு செடிகளாதலின், ஆண் செடியின் கூம்பிலிருந்து பொடி பெண் செடியை அடைந்தாலன்றி விதை பிடியாது. மதனகாமப்பூ என்று மருந்துக் கடைகளில் விற்பது இக்குலத்துச் செடிகளின் ஆண் கூம்பே. அவ்வாறே திருப்பதி மலைச் செடியின் கூம்பும் மருந்துக்கென அறுத்தெடுக்கப்பட்டு வந்திருக்கின்றது. 1987 முதல் உலக நாடுகளின் உடன்படிக்கை இச்செடியின் வாணிகத்தை மிகக் கடுமையாகத் தடுத்துள்ளது. 1989-இல் அம்மலைப் பகுதி தேசியப் பூங்காவாயிற்று. 2010-இல் சேஷாசலம் உயிர்க்கோளக் காப்பகமும் ஏற்பட்டது. ஆயினும் மலை பெரிது, காவலர் சிலர். யாரும் காணாத சரிவொன்றில் பொடி முதிருமுன் ஓர் ஆண் கூம்பு அறுபடுமாயின், அருகிலுள்ள பெண் செடிகள் அப்பருவம் முழுதும் விதையின்றியே நிற்கும்.